ஏழு இருபதுக்கும் நாலு நாற்பதுக்கும் இடையில்

எங்கள் நாய்க்குப் பதினைந்து வயதானபோது அவனுக்கென்று ஒரு கொப்பி போட்டேன். நூற்றிருபது பக்கம், ஒற்றைக் கோடு. அடிமட்டம் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் ஆறு நிரல்களாகப் பிரித்தேன்: நேரம், குளிசை, சாப்பாடு, தண்ணீர், மலசலம், குறிப்பு.

துறைமுகத்தில் கப்பல்களின் வரவையும் போக்கையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எங்கே நங்கூரம் போட்டது, எப்போது எடுத்தது என்று நிமிடம் பிசகாமல் எழுத வேண்டும். பிழை வந்தால் அழிக்கக் கூடாது. பிழையான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, எழுதியவரும் சாட்சியாக இன்னொருவரும் சிறு கையொப்பம் வைக்க வேண்டும். இப்படி இருபத்தெட்டு வருடம் எழுதியவன் வீட்டில் நோயாளி ஒருவன் இருக்கும்போது கொப்பி போடாமல் இருப்பானா?

நோய்கள் வரிசையாக வந்தன. முதலில் கண்ணில் பால் படர்ந்தது. பிறகு இருமல். இதயம் பெருத்துவிட்டதாகச் சொல்லி, நெஞ்சில் சேரும் நீரைப் போக்கக் காலையிலும் மாலையிலும் அரைக் குளிசை கொடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகு பின்னங்கால்கள் தளர்ந்தன. கடைசியாக வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டே வாசலைத் தேடுவான். தண்ணீர்ச் சட்டியின் முன்னால் தாகத்தோடு நிற்பான். மூளைக்கும் வயதாகிவிட்டது என்று மிருக வைத்தியர் விளக்கினார். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகாத இளம் பெண். அவரிடம் வருபவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். எங்கள் நாயை மேசையில் ஏற்றியதும், "வாங்கோ தாத்தா" என்று சொல்லித்தான் தொடுவார்.

எனது கொப்பியை முதல்முறை விரித்துக் காட்டியபோது அவர் நாலைந்து பக்கங்களை மெதுவாகப் புரட்டினார்.

"சேர், மனிசருக்கே இப்பிடி ஒருத்தரும் எழுதிறேல்ல."

"எழுதினாத்தானே டொக்டர் நிலைமை தெரியும்."

"அப்ப இன்னும் ஒண்டு சேத்து எழுதுங்கோ. ஒவ்வொரு நாளும் முடியேக்குள்ள, இண்டைக்கு அவருக்கு நல்ல நாளோ, கூடாத நாளோ எண்டு ஒரு அடையாளம் போடுங்கோ. முப்பது நாளைக்கு. கூடாத நாள் கூடிப்போனா என்னட்ட வாங்கோ. அதுக்குப் பிறகு அவரை வைச்சுக்கொண்டிருக்கிறது எங்கட ஆசைக்குத்தான், அவருக்காக இல்லை."

எனக்கு அது பிடித்திருந்தது. எண்ணிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் லேசாகும். அன்று செவ்வாய்க்கிழமை. ஏழாவது நிரல் ஒன்று கீறினேன். வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளக்கினேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நாளுக்கு வட்டம். கூடாத நாளுக்கு ரெண்டு குறுக்குக் கோடு, புள்ளடி. முப்பது நாளில புள்ளடி கூடினால் டொக்டரிட்டக் கொண்டுபோறது."

"கொண்டுபோய்?"

"ஊசி."

துருவல் நின்றது. "ஆர் வட்டம் போடுறது?"

"நான்தான்."

"ம்." திரும்பவும் துருவத் தொடங்கினாள். பாதித் தேங்காய் துருவி முடிந்ததும், "கப்பலுக்கும் உப்பிடித்தான் எழுதுறனீங்களோ, மூத்திரம் போனது நாலு தரம் எண்டு?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாய், துறைமுகக் கேற்றடியில் ஒரு கயிற்றுச் சுருளுக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தவன். மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்த மனைவி, "சோறு கொண்டுபோனனீங்கள், ராசாவைக் கொண்டு வந்திருக்கிறியள்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அவன் ராசாதான்.

அந்த வருடத்தின் என் நாட்கள் ஒன்றுபோலவே இருந்தன. ஐந்து ஐம்பதுக்கு எழும்புவேன். ஆறு பத்துக்கு, அவித்த சூடை மீனின் முள்ளெடுத்த சதைக்குள் அரைக் குளிசையை ஒளித்துக் கொடுப்பேன். அவன் மீனை விழுங்கிவிட்டுக் குளிசையைத் துப்புவான். திரும்ப ஒளிப்பேன். ஆறு முப்பத்தைந்துக்கு வயிற்றின் கீழே துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்தில் நடத்துவேன். ஏழு இருபதுக்கு வேலைக்குப் புறப்படுவேன். நாலு நாற்பதுக்குத் திரும்புவேன். மருந்துச் செலவுக்காகச் சனி, ஞாயிறிலும் மேலதிக வேலைக்குப் போனதால் அந்த நாட்களிலும் இதே நேரம்தான். ஆறு பத்துக்கு மறுபடி குளிசை. நிலாவெளியில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. கடற்கரைக்கு நடந்துபோவதை விட்டேன். என் கழுத்தில் ஒரு கயிறு இருக்கிறது, அதன் மறுமுனையை அந்த நாய் வாயில் பிடித்திருக்கிறது என்று தோன்றும். இருவரில் நான்தான் கட்டுண்டிருக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். கொப்பியில் எழுதும் வேலையும் என்னுடையதுதானே.

மனைவி எங்கும் போவதில்லை என்பதையும் கவனித்திருந்தேன். சந்தைக்கும் போவதில்லை. மீன்காரர் வாசலுக்கு வந்தால்தான் மீன். ஒருநாள் கேட்டேன்.

"ஏன் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறீர்? ஒருக்கா உப்புவெளிப் பக்கம் போய் உம்மட சிநேகிதியைப் பாத்திட்டு வாருமன்."

"மான் வரும்."

எங்கள் ஊரில் மான்கள் வீதியில் திரியும். கேற்றைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து செம்பரத்தையை மொட்டையாக்கிவிட்டுப் போகும். முன்பு எங்கள் நாய் இருந்த பயத்தில் வராமல் இருந்தன. இப்போது அவனுக்குக் கண் தெரியாது என்பது அவற்றுக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே காரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. கேற்றுக்கு இன்னொரு கொளுக்கி வாங்கிப் பூட்டினேன். அதன் பிறகும் அவள் போகவில்லை.

வேலை முடிந்து மிருக வைத்தியரிடம் போகும் நாட்கள் இன்னொரு சிக்கல். இருபத்திரண்டு கிலோ நாயை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக ஏலாது. ஓட்டோக்காரர்கள் நாயைக் கண்டதும் வேறு ஓட்டம் இருப்பதாகச் சொல்வார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் மட்டும் சம்மதித்தார். எனக்கு மூத்தவர், நானா என்று கூப்பிடுவேன். அவருடைய மார்க்கத்தில் நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும். முதல்நாளே அதை மறைக்காமல் சொன்னார். இருக்கையில் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் சாக்குப் போட்டிருந்தார். சீற்றுக்குக் கீழே ஒரு பையில் சுத்தமான மண்ணும் வைத்திருந்தார்.

அப்படியும் ஒருநாள் நாய் எச்சில் வடித்து, அது அவருடைய முழங்கையில் பட்டுவிட்டது. எனக்கு உடல் கூசிப்போயிற்று.

"குறை நினைக்காதேங்கோ நானா."

"இதுல என்னத்தச் சேர்? தண்ணி இரிக்கி, மண்ணும் இரிக்கி. என்ட ஓட்டோவுல ஏறி, பின்னுக்கு இருந்துக்கிட்டு வழி செல்லித் தராத ஒரே ஆள் இவருதான்."

வைத்தியசாலைக் குழாயடியில் அவர் கழுவும்போது நான் நின்று பார்த்தேன். என்னையறியாமல் உதடு அசைந்திருக்க வேண்டும்.

"நீங்களும் எண்ணுறீங்களா சேர்?"

"பழக்கம்."

"நல்லம். ரெண்டு பேரு எண்ணினா பிழைக்காது."

இருபத்தொரு நாட்கள் முடிந்தபோது கூட்டிப் பார்த்தேன். வட்டம் பதினாறு, புள்ளடி ஐந்து. இருமல் அதிகமான நாட்களுக்கும் சாப்பிடாத நாட்களுக்கும் புள்ளடி போட்டிருந்தேன். மற்ற நாட்களில் நான் வேலையால் வரும்போது அவன் விறாந்தையில் சாக்கின் மேல் நல்ல உறக்கத்தில் இருப்பான். உடம்பு துடைத்துச் சுத்தமாக இருக்கும். பவுடர் வாசம்கூட வரும். வீடு ஒழுங்காக இருக்கும். கதிரைகள் நான் காலையில் விட்டுப்போன இடத்திலேயே, மேசைக்குச் சரியாக இருக்கும். '4.40. அமைதியான உறக்கம்' என்று குறிப்பு நிரலில் எழுதுவேன். பதினாறு பக்கங்களில் ஒரே வரி. கூட்டுத்தொகையை மனைவிக்குக் காட்டினேன்.

"பதினாறுக்கு ஐஞ்சு. இப்போதைக்குப் பயமில்லை."

அவள் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "வடிவா எழுதியிருக்கிறியள்" என்று திருப்பித் தந்தாள்.

மறுநாள் அவள் வெருகலுக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய தங்கையின் மகளுக்குக் குழந்தை பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு. குழந்தையைப் பார்க்க ஒரு மாதமாகப் போகாமல் சாட்டுச் சொல்லி வந்தவள், இதற்கும் போகாவிட்டால் தங்கை ஆயுளுக்கும் பேசமாட்டாள். செவ்வாய் போய் வியாழன் திரும்புவது என்று முடிவாயிற்று. நான் மூன்று நாள் லீவு போட்டேன். காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது வாசலில் நின்றுகொண்டு ஏதோ சொல்ல வந்தாள்.

"இஞ்சேருங்கோ..."

"எல்லாம் கொப்பியில இருக்கு. நீர் போயிட்டு வாரும்."

என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். மணி ஏழு ஐந்து.

எட்டு ஐந்துக்கு ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் மரம் மோதுவதுபோல, விட்டு விட்டு. அறைக்குள் போய்ப் பார்த்தேன். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒடுக்கத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நாய் நின்றான். முன்னே போக வழியில்லை. பின்னே நடக்க வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. முன்னே தள்ளினான், நெற்றி அலுமாரியில் மோதியது, மறுபடி தள்ளினான். தொண்டையிலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் நெஞ்சின் கீழே கையைக் கொடுத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் இழுத்து வெளியே எடுத்தேன். விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே அதே ஒடுக்கத்துக்குள் போனான்.

எழுதினேன்: 8.05. 8.09. 8.20. கதவுக்குப் பின்னால், 8.41. சாப்பாட்டு மேசையின் கால்களுக்குள், 9.02.

ஒன்பதரைக்குப் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி எங்கள் வீதியில் வந்தது. காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கேற் வரை போக முப்பது அடி. ஆனால் நாயின் முன்னங்கால் ஒன்று கதிரைச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது, நான் தரையில் முழங்காலில் இருந்தேன். பாட்டு கேற்றடியில் சற்று நின்று, எங்கள் வீட்டுக்காகவே காத்ததுபோல நின்று, பிறகு கடற்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது. குளிக்கப் போனபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தேன். சவர்க்காரத்தோடு இரண்டு தடவை வெளியே ஓடினேன்.

பதினொன்றரைக்கு வட்டமாக நடக்கத் தொடங்கினான். வலப்பக்கமாக மட்டும். நாற்பது நிமிடம் நிற்கவில்லை. பின்னங்கால்கள் சீமெந்துத் தரையில் அகன்று வழுக்கி, விழுந்து, விழுந்த இடத்திலேயே சலம் போய், அதில் கிடந்தபடியே காலடித்துக் கொண்டிருந்தான். துடைக்கத் துணி தேடிக் குசினிக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே பதினொரு சாக்குகள் சீராக மடித்து அடுக்கியிருந்தன. கழுவிக் காயவைத்த சாக்குகள். அவை எதற்காக அங்கே இருக்கின்றன என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மனைவி தொலைபேசி எடுத்தாள். பின்னணியில் ஒரே ஆரவாரம், குழந்தையின் அழுகை.

"சாப்பிட்டனீங்களோ?"

"அது கிடக்கட்டும். இவன் மூலைக்குள்ள போய் நிக்கிறான். இண்டைக்கு மட்டும் பதினாலு தரம்."

மறுமுனையில் ஆரவாரம் குறைந்தது. வெளியே நடந்து வந்திருப்பாள்.

"கதிரையைக் கவிட்டு வையுங்கோ. ரெண்டை அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில. மற்ற ரெண்டையும் கதவடியில. மேசையைச் சுவரோட தள்ளுங்கோ. சாக்கு பதினொண்டு கிடக்கும், நடக்கிற வழி முழுக்க விரியுங்கோ, வழுக்காது. ஒண்டரை போல ஒருக்கா வலிப்பு வரும். பயப்பிடாதேங்கோ. தலைக்குக் கீழ உங்கட கையை வையுங்கோ. வாய்க்குள்ள கையை விட்டுடாதேங்கோ."

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"அவனுக்கு ஊட்டி ஊட்டி என்ர சீலையில மீன் வாசம் எண்டு பஸ்ஸில சொன்னவை" என்றாள். அதற்குப் பிறகு, "ஏழு மாசம்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஒன்று பதினைந்துக்கு வலிப்பு வந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி. தலை என் உள்ளங்கையில் இருந்தது. முடிந்த பிறகு என் கையை நக்கினான். யாரென்று தெரிந்து நக்கினான் என்று என்னால் எழுத முடியாது. மூன்றரை மணிவரை மறுபடி சுற்றினான். பிறகு களைத்து, விறாந்தைச் சாக்கில் சரிந்து, மூச்சு ஆறி உறங்கிப் போனான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நாற்பது. அமைதியான உறக்கம்.

அன்று மாலை பேனையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாவது நிரலின் முன்னால் நெடுநேரம் இருந்தேன். வட்டம் போடலாம். பார்த்தவர் யாருமில்லை. இருபத்திரண்டாம் நாளுக்கு வட்டமோ புள்ளடியோ, முடிவு என் கையிலிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யை எழுத விரும்பினேன். அவன் மீதுள்ள அன்பால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையை எழுதினால் முன்னைய இருபத்தொரு பக்கங்களும் என்ன ஆகும் என்ற பயம்தான் அதிகம். புள்ளடி போட்டேன்.

புதனும் அப்படியே போனது. பதினேழு தரம் மூலை, ஒரு வலிப்பு. கவிழ்த்த கதிரைகளுக்கும் தள்ளிய மேசைக்கும் நடுவில் நானும் அவனும் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். கேற்றின் புதுக் கொளுக்கியை நானே போட மறந்திருந்தேன். மான் ஒன்று உள்ளே வந்து விறாந்தைக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்று செம்பரத்தையை மென்றது. நாய் சுவரைப் பார்த்து நின்றான். விரட்ட நானும் எழும்பவில்லை. எழும்பினால் அவன் விழுவான்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு மனைவி தயிர்ச் சட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் கதிரைகளைத்தான் பார்த்தாள். நான்கும் கவிழ்ந்தபடியே இருந்தன.

"ஏன் எடுத்து வைக்கேல்ல? நாலு மணிக்கு எடுத்து வைக்கலாமே."

"நீர் அப்பிடித்தான் செய்யிறனீரோ? நான் வர முந்தி?"

தயிர்ச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கொப்பியைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே மூன்று நாட்களையும் வாசித்தாள். நிமிடங்கள் எழுதியிருந்த இடங்களில் அவளுடைய விரல் நின்று நின்று போனது.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றேன்.

"உங்கட கொப்பியில அதுக்கு எங்க இடம் கிடந்தது? ஏழு இருபதுக்குப் பிறகு அடுத்த வரி நாலு நாப்பது."

"சொல்லியிருந்தா எழுதியிருப்பன்."

"ஓம். எழுதியிருப்பியள். அதுக்காகத்தான் சொல்லேல்ல." கண்ணாடியைக் கழற்றினாள். "முதல் நான் சொல்லாதது உங்களுக்கு என்னத்துக்கு வீண் கவலை எண்டு. பிறகு நீங்கள் வந்து வட்டம், புள்ளடி எண்டு சொன்னியள். பிழையா ஒண்டும் எழுதாத மனிசன். அவன் பத்துத் தரம் விழுந்தவன் எண்டு நான் சொன்னால் பத்துத் தரம் எண்டு எழுதுவியள். எழுதிப்போட்டு, எண்ணிப்போட்டு, ஊசி எண்டு சொல்லுவியள். நான் என்ன செய்ய? நாலு மணிக்கு அவனைத் துடைச்சு, பவுடர் போட்டு, கதிரையெல்லாம் நிமித்தி வைச்சிட்டு இருந்தனான். நீங்கள் வந்து வட்டம் போடுவியள். இண்டைக்கும் தப்பினான் எண்டு நினைப்பன். அடுத்த நாள் விடியத் திரும்ப..."

தயிர்ச் சட்டி இன்னும் அவள் இடுப்பில் இருந்தது. வாங்கி மேசையில் வைத்தேன். மேசை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் முதலில் வெறுமைக்கு நீட்டிவிட்டேன். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபோது முகம் ஈரமாக இருந்தது.

இரண்டு கதிரைகளை மட்டும் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தோம். சிவப்புப் பேனை எடுத்தேன். வேலைத்தலத்தில் செய்வதைத்தான் செய்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

"முதலாம் நாள்?"

"அண்டைக்கு ரெண்டு தரம் வலிப்பு."

வட்டத்தின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் புள்ளடி. என் கையொப்பம். "நீரும் வையும். சாட்சி." வைத்தாள். கல்யாண எழுத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டது அன்றுதான்.

"மூண்டாம் நாள்?"

"மீன்காரர் வந்த நாள்தானே? குழிக்கானுக்குள்ள விழுந்தவன். மீன்காரர்தான் தூக்கினவர்."

ஏழு மாதமாக எதையும் எழுதி வைக்காதவள், ஒரு நாளையும் தவறவிடவில்லை. பதினொரு வட்டங்கள் கோடு வாங்கின. பன்னிரண்டாம் நாளுக்கு வந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"இது கிடக்கட்டும்."

"அண்டைக்கு விழேல்லையோ?"

"விழுந்தவன். எட்டுத் தரம். ஆனால் அண்டைக்குக் கேற்றடிக்கு மான் வந்தது. மணந்திருப்பான் போல. தலையைத் தூக்கிக் குரைச்சவன். ரெண்டு தரம், முந்தி மாதிரி. மான் ஓடினது. நான் கைதட்டினனான்."

வட்டத்தை விட்டேன். ஆனால் குறிப்பு நிரலில் 'குரைத்தான், இரண்டு தரம்' என்று சேர்த்து அவளிடம் கையொப்பம் வாங்கினேன். கடைசியில் வட்டம் இரண்டு. இன்னொன்று மழை பெய்து முழுநாளும் உறங்கிய நாள். புள்ளடி இருபத்திரண்டு.

அவள் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். வாதாட வேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"எனக்கும் ஏலாது" என்றாள். "அவனுக்கும் ஏலாது. நான் சொல்லுவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். வாய் வரேல்ல."

"எப்ப?"

எழும்பிப்போய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி வந்தாள். ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரமும் இராகு காலமும் போட்டிருக்கும் நாட்காட்டி. வீட்டில் ஒரு அலுமாரி வாங்குவதென்றாலும் அதைப் பார்க்காமல் வாங்கமாட்டோம்.

"நாளைக்கு வெள்ளி. வெள்ளியில வேண்டாம். சனி..." விரல் வரியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இதுக்கு நல்ல நேரம் பாக்கிறதோ, கூடாத நேரம் பாக்கிறதோ?"

எனக்குத் தெரியவில்லை. எந்தத் தாளிலும் இந்தக் காரியத்துக்கு நேரம் போட்டிருக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, சனிக்கிழமை இராகு காலம் பத்தரைக்கு முடிகிறது, அதற்குப் பிறகு வைப்போம் என்றேன். அவளும் அதற்குத் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மிருக வைத்தியரிடம் கொப்பியைக் கொண்டுபோனேன். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கையொப்பங்கள் இருப்பதைப் பார்த்தார். கொப்பியை மூடித் தந்தார். "நான் வீட்டை வாறன் சேர். மேசையில வேண்டாம்" என்றார்.

சனிக்கிழமை காலையில் செம்பரத்தையடியில் நானே குழி வெட்டினேன். பத்து நாற்பதுக்கு ஓட்டோ வந்தது. டொக்டரை நானாதான் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பொலித்தீன் விரிப்பும் சாக்கும் வழமைபோலப் போட்டிருந்தார், ஏற்றிப்போக யாரும் இல்லை என்று தெரிந்தும். நாங்கள் உள்ளே போனபோது நாயை விறாந்தையில் காணவில்லை. அலுமாரியடியில் கவிழ்த்திருந்த கதிரைகளை எப்படியோ விலக்கிக்கொண்டு அந்த ஒடுக்கத்துக்குள் போய்விட்டிருந்தான். மனைவி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கையைக் கொடுத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்தோம். அவள் செய்த விதத்தைப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு கை, வாலடியில் ஒரு கை. நான் மூன்று நாளும் ஒரு கையால் இழுத்திருக்கிறேன்.

"வாங்கோ தாத்தா" என்றார் டொக்டர். அவள் மடியில் தலை இருந்தது.

பிறகு குழிக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது ஒரு பக்கம் எனக்குப் பாரமாகச் சரிந்தது. கேற்றடியில் நின்ற நானா வந்து சாக்கின் மறுமுனையைப் பிடித்தார். சாக்கு ஈரமாக இருந்தது. "நானா, ஈரம்" என்றேன். "தெரியும் சேர், நடங்க" என்றார். மண் போட்டு முடிந்ததும் முற்றத்துக் குழாயடிக்குப் போய் அமர்ந்தார். மனைவி வாளியில் தண்ணீர் எடுத்து அவருடைய கைகளுக்கு ஊற்றினாள். ஒவ்வொரு தரமும் வாய்விட்டு எண்ணினாள். மண்ணோடு ஒன்று, பிறகு ஆறு.

அன்று மாலை நாலு மணிக்கு அவள் எழும்பினாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். அறை வாசல்வரை போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். கதிரைகள் சனியும் ஞாயிறும் அப்படியே கவிழ்ந்து கிடந்தன. நாங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தோம், சாக்குகளின் மேலேயே நடந்தோம். வெளியே போக இருவருக்கும் தடையேதும் இருக்கவில்லை. இருவரும் போகவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பினேன். கதிரைகள் மேசைக்குச் சரியாக இருந்தன. சாக்குகளைக் காணவில்லை. அவள் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தாள். எத்தனை மணிக்கு எடுத்து வைத்தீர் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல், பகல் முழுக்க என்ன செய்தீர் என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.